இடது பக்கம்

புதுச்சேரியிலிருந்து வந்தவர்
செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.
மாடிப்படிக்கு அடியில்
தானே புயலன்று எங்கிருந்தோ பறந்துவந்த தகரம்,
ஓட்டை விழுந்த தண்ணீர் டிரம்,
இரண்டு மூட்டைத் தேங்காய் மட்டை,
அதற்கும் பின்னால் யெஸ்டி.

முப்பத்தைந்து தருகிறேன் என்றார்.
ஒயிட் டவுனில் புதிதாக ஒரு காபிக்கடை,
வாசலில் நிறுத்தி வைப்பார்களாம்.
ஓடணும்னு அவசியமில்லம்மா,
பெயின்ட் பளிச்சுன்னு இருந்தா போதும்.
இந்த சேலை கார்டை மட்டும் கழட்டிடுவோம்,
போட்டோவுக்கு எடுப்பா இருக்காது.

ஜக்கரியா நேற்றே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தான்,
சிகரெட் அட்டையின் உட்புறத்தில்.
போர் வேலை, பிஸ்டன், ரெண்டு சைலன்சருக்கும் குரோமியம்,
ஒயரிங் மொத்தமும் எலி.
நாற்பத்தெட்டு. அதுவும் பழக்கத்துக்காக.
யாரு ஓட்டப்போறான்னு மட்டும் சொல்லுங்கக்கா
என்று கேட்டுவிட்டு,
கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல
ரொம்ப நேரம் பிளக்கை ஊதிக்கொண்டிருந்தான்.

உப்பனாற்றுக் காற்று இரும்பை விடாது.
எங்கள் தெருவில் ஓர் ஆணிக்கு ஆயுள்
இரண்டு மழைக்காலம்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர்.
போன ஆவணியில் வலது பக்கம் விழுந்தது.
பேச்சில் ஒரே ஒரு சொல் தங்கியது.
வித்துடலாமா?
அப்புறம்.
சரி பண்ணிப் பாக்கலாமா?
அப்புறம்.
வலிக்குதா, டிவி போடவா, இன்னொரு இட்லி வைக்கவா,
பெரியவள் பெங்களூரிலிருந்து வீடியோவில் அழுதபோதும்
அப்புறம்.
பிறகு பார்க்கலாம் என்கிறாரா
மேலே சொல்லு என்கிறாரா
தெரியாது.
ஏழு மாதமாக இரண்டில் ஒன்றை
நானே எடுத்துக்கொள்கிறேன்,
எனக்கு எது வசதியோ அதை.

பதினேழு வருடம் இந்த வண்டியில் போயிருக்கிறேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் இடது பக்கம்.
கால் வைக்கும் தகடு, சேலை கார்டு,
அவர் காலரின் அழுக்கு விளிம்பு,
கெடிலம் பாலம் ஏறும்போது
கணுக்காலில் வந்து மோதும் சூடு.
சிப்காட் பக்கம் போனால்
ஒரு கை மூக்கில், ஒரு கை அவர் தோளில்.
சண்டை போட்ட நாட்களில்
தோளை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.
அவர் வேண்டுமென்றே
பள்ளத்தில் இறக்குவார்.

ஜக்கரியா வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வந்தான்.
முதல்முறையாக அதன் வலது பக்கம் நின்றேன்.
யாரோ தூரத்து உறவைப் பார்ப்பதுபோல் இருந்தது.

எது எதுக்குடா, என்றேன்.
கிக்கர் அந்தப் பக்கம்க்கா, அதையே மடக்கினா கியர்.
கிளட்சும் அங்கதான்.
ஆக்சிலேட்டர், பிரேக் ரெண்டும் நீங்க நிக்கிற பக்கம்.

அப்படியானால்
கிளப்புவது முழுக்க அவரிடம் இருக்கிறது.
போவதும் நிற்பதும்தான் போயிருக்கிறது.

ஜக்கரியா உதைத்தான். கிக்கர் அசையவில்லை.
இன்னொரு தரம். செருப்பு வழுக்கியது.
புதுச்சேரிக்காரர் முன்பணத்தை
பர்ஸிலிருந்து எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

நாற்காலிக் கையில் கிடந்த இடது கை
நான்கு விரலையும் மடக்கியது.
விட்டது.
மறுபடி மடக்கியது, இந்தமுறை விடாமல்.

ஜக்கரியாதான் முதலில் பார்த்தான்.
கிளட்சைப் புடிச்சிக்கிட்டு உதைக்கச் சொல்றாரு.

புடித்துக்கொண்டு உதைத்தான்.
உள்ளே எதையோ எதுவோ விட்டது.
கிக்கர் கீழே போய் மேலே வந்தது.
அவ்வளவுதான்.
ஸ்டார்ட் ஆக டேங்கில் பெட்ரோலா இருந்தது?
பழைய எண்ணெய் வாசனை மட்டும்
ஒரு நிமிடம் தெருவில் நின்றது.
அவர் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

நோட்டை நீட்டிக்கொண்டே கேட்டார் புதுச்சேரிக்காரர்,
அப்புறம் என்னம்மா?

அப்புறம், என்றேன்.

இரண்டில் எதை எடுத்துக்கொண்டாரோ.
மூன்றரை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

அன்றைக்கு விற்றது அந்தத் தகரத்தை மட்டும்.
பழைய இரும்புக்காரர் எடை போட்டு
நூற்றுப்பத்து ரூபாய் கொடுத்தார்.
யார் வீட்டுக் கூரையோ,
இத்தனை வருடத்தில்
ஒருவரும் வந்து கேட்கவில்லை.