டில்லிபாபுவின் வாளி

ராம் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில்
ராத்திரி பத்து மணிக்கு மேல் சட்டம் என்பது
டில்லிபாபுவின் பெயின்ட் வாளி.
உள்ளே சிமென்ட், நடுவில் துருப்பிடித்த பைப்.
போன ஆடியில் ஒரே ஒருமுறை நகர்த்தினேன்.
விடிந்தபோது
பின்சக்கரத்தில் காற்று இல்லை.
அவரும் கேட்கவில்லை, நானும்.

நேற்று ரெட் அலர்ட்.
வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம்
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கார்கள்.
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட போலீஸ்காரர்
"ஒடிச்சு ஓரமாப் போடுங்க" என்கிறார்.
எங்கே போட?
வைப்பர் அடிக்க அடிக்க ஊர்கிறேன்.

பாலம் இறங்கத் தொடங்கும் இடத்தில்
ஒரு காரளவு காலி,
நடுவில்
அந்த வாளி.

லுங்கியை மடித்துக் கட்டியவர்
இரண்டு கையாலும் அணைத்து அதைத் தூக்குகிறார்:
"கியர்ல போட்டு நிறுத்துங்க.
இறக்கம்."