பதினைஞ்சு கிண்ணம்

சாய்ந்தமருதுக் கடற்கரையில்
ஜௌசி காக்காவின் படகுக்கு
வெள்ளை பெயின்ட் ரெண்டு கை அடித்தாயிற்று.
"மட்ரிட் எடுத்த ஐரோப்பாக் கிண்ணம்
பதினைஞ்சையும் விலாவில வரிசையாக் கீறு" என்றார்.

நான் பார்சிலோனா.
கிண்ணத்துக்கு நூறு ரூபா கூடக் கேட்டேன்.
பேசாமல் தந்தார்.

முதல் ஐந்தும் அடுத்தடுத்த வருசம்.
காதோடு காது முட்ட வரைந்தேன்.
அறுபத்தாறில் ஆறாவது.
ஏழுக்குத் தூரிகை நனைக்கையில்
கையைப் பிடித்தார்.
"இதில ரெண்டு முழம் சும்மா விடு.
முப்பத்திரண்டு வருசம்."

ஒரு சூரை மீனாவது போடட்டா?
முறைத்தார்.
பழைய தோணியில்
பதினொரு நாள் தொடர்ந்து
ஐஸ் தண்ணி மட்டும் வடிய வடிய
வந்திறங்கிய மனிசன்.

பொடியன்கள் வந்து கிண்ணங்களை எண்ணுகிறார்கள்.
ஒருவன் பதினாலு என்கிறான், சண்டை.
வலை உரசுவதென்னவோ நடுவில்தான்.
அங்கே வெள்ளை கழன்று
பலகை தெரிகிறது.

நேற்று அஸருக்குப் பிறகு
அவர் கேட்காமலே
அந்த ரெண்டு முழத்துக்கு மட்டும்
மூன்றாம் கை அடித்துவிட்டு வந்தேன்.
காசு கேட்கவில்லை.

எங்கட பார்சிலோனாக் கூட்டத்துக்கு
இது தெரிய வேண்டாம்.