கார்பன் பிரதி

முப்பது வருடம் அவர் சொல்லச் சொல்லத்
தட்டச்சு செய்தவள் நான்.
விழா மலரில் சிஸ்டர் லுட்மிலாவைப் பற்றி
வராததெல்லாம் எனக்குத் தெரியும்.

"அன்புள்ள ஐயா" என்றதும்
ஒரு சின்ன இருமல்.
கடன் கேட்கும் கடிதமென்றால்
இரண்டு.

அயோவாவின் ஜனவரியில்
மிசிசிப்பியின் மேல் லாரி ஓட்டலாம்.
அப்படியொரு இரவில் கொதிகலன் நின்றது.
முக்காட்டின் மேல் கம்பளித் தொப்பி,
அங்கியின் மேல் ஆர்வில்லின் பழைய கோட்டு,
நிலவறையில் அவர் டார்ச் பிடிக்க,
கெட்ட வார்த்தையை விழுங்கி விழுங்கி
ஆர்வில்லுக்கு விக்கலே வந்துவிட்டது.
"சொல்லிவிடுங்கள் ஆர்வில்,
குழாய்க்காவது உறைக்கட்டும்" என்றார்.
ஏழு மணிக்குச் சூடு வந்தது.
எட்டு மணிக்கு வேதியியல் வகுப்பு.
கல்லூரித் தலைவியே ஆசிரியை,
முழங்கையில் கரி.

மாதக் கடைசியில் அவர் சம்பளக் காசோலையை
நான்தான் தட்டுவேன்.
பின்புறம் கையெழுத்திட்டு
கல்லூரிக் கணக்கிலேயே போடச் சொல்வார்.
அந்தப் பணம் ஒருநாளும்
மேசையைவிட்டு எழுந்ததில்லை.

இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரியா,
மூடிவிடலாமே என்று
ஆயர் இல்லத்திலிருந்து மூன்று முறை எழுதினார்கள்.
மூன்றுக்கும் ஒரே பதில்:
"தங்கள் அக்கறைக்கு நன்றி.
கூரை வேலை நடந்துகொண்டிருக்கிறது."

இதெல்லாம் சொல்லச் சுகம்.

அறுபத்தொன்று, மார்ச்.
ஆர்லீன் ஷிமெக், இரண்டாம் ஆண்டு,
பன்றிப் பண்ணைக்காரர் மகள்,
வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.
விதி பதினான்கு.
மூன்றே வரியில் கடிதம்.
அதற்கு மட்டும் சிஸ்டர் இருமவில்லை.
கார்பன் பிரதியைக் கோப்பில் வைத்தேன்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள்
பேருந்து நிறுத்தத்துக்கு நடந்ததை
ஜன்னலிலிருந்து இருவரும் பார்த்தோம்.
தனித்தனி ஜன்னல்.

எழுபதில் அந்த விதியை எடுத்துவிட்டார்.
யாருக்கும் கடிதம் போகவில்லை.

எண்பத்து நாலில் ஒரு விண்ணப்பம்.
வயது நாற்பத்திரண்டு.
முன்பு படித்த இடம்: "இங்கேதான், மூன்று பருவம்."
விலகிய காரணம்:
"உங்கள் கோப்பைப் பாருங்கள்."

"இருக்கிறதா வெர்னா?"
கொண்டுவந்தேன்.
நீல எழுத்து ஓரங்களில் கலங்கியிருந்தது.
நின்றபடியே வாசித்தார்.
பிறகு "எழுது" என்றார்.
இருமினார். எத்தனை என்று நான் எண்ணவில்லை.
சேர்க்கை உண்டு, கட்டணம் இல்லை,
அதுவரை சரளமாக வந்தது.
"மன்னிப்பு" என்று மூன்று தரம் சொல்லி
மூன்று தரமும் அடிக்கச் சொன்னார்.
"அந்தச் சொல் அவளுக்கு வேலை வைக்கும், வெர்னா."

ஆர்லீன் வந்தாள்.
இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை,
பகலில் வகுப்பு.
கட்டணத்தை முழுசாகக் கட்டினாள்,
ஐந்து டாலர் நோட்டுகளாக,
என் மேசையில் எண்ணி.

எண்பத்தேழு மே, பட்டமளிப்பு.
சிஸ்டர் வலது கையை நீட்டினார்.
இடது கையால் பட்டத்தை வாங்கிக்கொண்டு
ஆர்லீன் படி இறங்கினாள்.
நீட்டிய கை அப்படியே நின்றது,
அடுத்த பெண் வந்து அதைப் பற்றும்வரை.
மூன்றாம் வரிசையில்
இருபத்தைந்து இருபத்தாறு வயது ஆள் ஒருவன் எழுந்து
வாயில் இரண்டு விரல் வைத்து
நீளமாக விசிலடித்தான்.
சிஸ்டர் அவனை வெகுநேரம் பார்த்தார்.

ஓய்வு பெற்ற அன்று
அவருடையதென்று ஒரே அட்டைப் பெட்டி.
அந்தக் கோப்பையும் வைக்கட்டுமா என்றேன்.
"வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.
நான் போன பிறகு யாரும் அலமாரியைச்
சுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்."

அந்தக் குளிர்காலம் கொதிகலன் மறுபடி நின்றது.
புதுத் தலைவர் நல்ல மனிதர்.
கம்பெனிக்குப் போன் போட்டார்.