கூட்டக் குறிப்பில் ஏறாதவை

ஜூலை. உருகுவாயில் அது உறைபனி மாதம்.
பதினோரு பேர், ஒரு மேசை,
ஒரே குடுக்கையில் கைமாறிக் கைமாறிச்
சுற்றிவரும் மாத்தே கஷாயம்.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் என்ன சொன்னார் என்பதை எழுதலாம்.
யார் ஜன்னலைப் பார்த்தார் என்பதை எழுதக் கூடாது.

பொருள் ஒன்று: ஐந்தாண்டுத் திட்டம்.
எண்பது பக்கம். எழுபத்தொன்பதாவதில் ‘சுற்றுச்சூழல்’:
ஒரு பச்சை இலை, ஒரு குழந்தையின் கை,
நான்கு வரி.
அந்த இலை எங்கள் பக்கம் முளைப்பதே இல்லை.

கணக்குப் பிரிவு சுல்மா பெந்தான்கூர்
அந்தப் பக்கத்தைக் கிழித்தாள் என்று
பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள்.
கிழிக்கவில்லை. கிளிப்பை நெம்பிக் கழற்றி
கம்பளிக் கொள்முதலுக்கும் கொதிகலன் விறகுக்கும் நடுவே
செருகினாள்.
“இது இருக்க வேண்டிய இடம் இங்கே.”
எழுதினேன்.

பிறகு ஒரு ஊறுகாய் ஜாடி.
லேபிளைச் சரியாகச் சுரண்டியிருக்கவில்லை.
உள்ளே சரண்டி ஓடை,
எங்கள் குழாய் அதில் விழும் இடத்தில் மொண்டது.
மேலே ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் ஏடு.

நாங்கள் கம்பளி கழுவுகிறவர்கள்.
ஆட்டின் முதுகிலிருந்து வருவதில்
பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கம்பளி.
மீதி மண், வியர்வை, கொழுப்பு.
நாற்பத்திரண்டு வருடமாக அந்த மீதியை
ஆற்றில் போட்டோம்.
அளந்து போடவில்லை.

சுல்மா அளந்திருந்தாள்.
நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுப்பு,
வடித்தெடுத்தால் களிம்புக்காரன் என்ன தருவான்,
உதட்டுச்சாயக் கம்பெனி என்ன தரும்,
அதே வெந்நீரை மூன்று முறை சுற்றவிட்டால்
எத்தனை லாரி யூகலிப்டஸ் மிச்சம்.
கடைசி வரிக்கு மட்டும் விலை போடவில்லை:
‘எச்செவெரியின் குதிரைகள் ஆலைக்கு மேலே ஏறிப்போய்த்தான்
இப்போது தண்ணீர் குடிக்கின்றன.’

பூமித்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை.
வருங்காலத் தலைமுறை வரவே இல்லை.

விற்பனைப் பிரிவு, ஜெர்மனியில் வாங்குகிறவர் கேட்டனுப்பிய
பதினான்கு கேள்விகளை வாசித்தது.
ஒன்பதுக்கு எங்களிடம் பதில் இல்லை.
ஐந்துக்கு இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது.

“போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்?”
தலைவர், வாஷிங்டன் அராம்புரு.
(பெயர்தான் அப்படி. பிறந்தது இதே தெருவில்.)
“ஏழு.”
“திட்டம் ஐந்தாண்டு.”
“ஐந்து என்று யார் சொன்னது?”

மாத்தே அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.
யாருக்கும் தெரியவில்லை.
என்னைப் பார்த்தார்கள். பழைய குறிப்பேடு என் அலமாரியில்தானே.
புரட்டினேன். எனக்கு முன்னால் இருந்தவரின் கோழிக்கிறுக்கல்:
‘வங்கிக் கடன் ஐந்து வருடம். திட்டமும் அப்படியே இருக்கட்டும்.’
கடன் என்றோ தீர்ந்தது.
ஐந்து மட்டும்
வாடகை தராமல் எங்களோடு குடியிருந்திருக்கிறது.

அராம்புரு ஜன்னலைப் பார்த்தார்.
பேனாவை எடுத்து அட்டையில் ஒரு சொல்லை அடித்தார்,
மேலே ஒரு சொல்லை எழுதினார்.

முழு வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம்.
கொழுப்பு பிரிக்கும் எந்திரத்துக்குச் சம்மதம், ஒன்பதுக்கு இரண்டு.
வெந்நீர்ச் சுற்றை மார்ச்சில் பார்க்கலாம் என்றார்கள்.
மார்ச் என்றால் என்ன அர்த்தம் என்று
சுல்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பச்சை இலைப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள்.
அதற்கு மட்டும் எதிர்ப்பே இல்லை.

எல்லோரும் போனபின்
மேசையில் ஜாடி நின்றது.
மூடியைத் திறந்தேன். விரல் நுனியால் ஏட்டைத் தொட்டு
பனியில் வெடித்துக் கிடந்த புறங்கையில் தடவினேன்.
ஆட்டு நாற்றம். இரவெல்லாம் போகவில்லை.

காலையில் குறிப்பைப் பிரதி எடுக்கப் பேனா பிடித்தபோது
வெடிப்பு எரியவில்லை.

இதையும் எழுதவில்லை.