பதினொரு நிமிடம்

மேடையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு கிண்ணம்.
கடன் வாங்கியவன் நாவிதன்.
கடன் கொடுத்தவன் முகமெல்லாம் நுரையோடு
வாய் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.
நாடகமே அவ்வளவுதான்.
நுரை நிற்கிறவரைக்கும் சாக்குச் சொல்லலாம்.

சாக்கு பதினொரு நிமிடம் நீளம்.
ஒத்திகையில் ஆறாவது நிமிடமே
லூபெனின் தாடை எட்டிப்பார்த்துவிட்டது,
பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி.

என் பெயர் ரதோஸ்வேதா. ரூசே நகரத்துச் சின்ன அரங்கில்
மேடைப் பொருட்களுக்கு நான் பொறுப்பு.
அடைத்த காடை, தகரச் செங்கோல், ஓடாத பதினேழு கடிகாரம்
எல்லாம் என் அலமாரியில் உண்டு.
நுரையை மட்டும் எந்தத் தட்டில் அடுக்குவது?

டப்பா நுரை வாங்கினேன். அது போட்ட புஸ்ஸில்
கடைசி வரிசையில் பெருக்கிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.
நாடகம் நடக்கும் வருடத்தில் டப்பா ஏது என்றார் இயக்குநர்.
முட்டை வெள்ளைக்கரு அடித்தேன்.
விளக்குச் சூட்டில் வறண்டு இறுகி
லூபென் தும்மியபோது நெற்றிவரை விரிசல் ஓடியது.
பாலேடு அடித்தேன்.
அரங்கத்துப் பூனை அவர் மடியில் ஏறிவிட்டது.

கடைசியில்தான் சோப்பு.
தன்யூப் கரைச் சந்தையில், மாட்டுக்கொழுப்பில் செய்த வெள்ளை வட்டு.
தண்ணீர் தாராளமென்றால் நுரையும் தாராளம் என்று நினைத்தேன்.
கிண்ணம் பொங்கி மேசையில் வழிந்தது, பார்க்க அழகு,
உள்ளே காற்று.
பெரிய குமிழிக்கு ஆயுசு கம்மி.

தூரிகையை உதறு. இன்னும் உதறு.
ஈரம் இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சட்டும்.
வட்டின் மேல் அறுபது எண்ணும்வரை சுற்று,
மயிர்க்கால்களில் பசை ஏறும்வரை, மணிக்கட்டு வலிக்கும்வரை.
பிறகு தேக்கரண்டி நுனியில் ஒரு சொட்டு.
சுற்று.
ஒரு சொட்டு.
சுற்று. அவசரப்பட்டு இரண்டு விட்டால்
மறுபடி முதலிலிருந்து.
கரண்டி சாயாமல் நிற்கும் ஆட்டுத்தயிர்ப் பதம் வந்தது.
கடிகாரம் பார்த்தேன்: எட்டு நிமிடம்.

மிச்சம் மூன்று நிமிடம் எங்கே போனது?
எங்கள் குழாய்த் தண்ணீரில் கெட்டில் அடி வெள்ளை பூக்கும்,
விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு.
அதோடு மல்லுக்கட்டியே சோப்பில் பாதி தீர்ந்துவிடுகிறது போலும்.
பிப்ரவரி. அரங்கத்து வேனின் கூரையில் ராப்பனி.
முறத்தால் வாரிச் சட்டி நிறைய அழுத்தி
அடுப்பில் வைத்தேன். ஒரு தம்ளர்கூடத் தேறவில்லை.
ஆனால் அந்தத் தண்ணீர்!
சோப்பு அதனோடு சண்டைக்கே போகவில்லை.

முதல் காட்சி. ஒன்பதாவது நிமிடம்
அசென் வசனத்தை மறந்தான்.
கத்தி அந்தரத்தில். திரைக்குப் பின்னால் நான் முணுமுணுத்தது
அவன் காதில் ஏறவில்லை. யாரோ இருமினார்கள்.
லூபென் கண்ணை மூடிக்கொண்டார், பிரார்த்தனையோ என்னவோ.
பதினான்கு நிமிடம் ஆயிற்று காட்சி முடிய.
அன்றைக்கு மேடையில் தன் வேலையை மறக்காதது
நுரை ஒன்றுதான்.

எல்லோரும் போனபின் நிர்வாகி ஸ்வெதான் வந்தார்,
கிண்ணத்தில் விரல் விட்டுப் பார்த்தார்.
எப்படி அம்மா இது?
உட்காருங்கள் ஐயா, காட்டுகிறேன் என்றேன்.
கன்னம், தாடை, மேலுதடு. நிதானமாக.
காதுவரை வெள்ளையானதும்
ஏப்ரனிலிருந்து தாளை எடுத்தேன்.

நவம்பர், என்றேன். டிசம்பர். ஜனவரி.
இந்த சோப்பின் ரசீதும் இருக்கிறது.
உதடு அசையப் பார்த்தது. தூரிகை அங்கே போயிற்று.
பேசாதீர்கள் ஐயா, உள்ளே போனால் கசக்கும்.

கண்ணால் கதவைப் பார்த்தார், பிறகு என்னை.
ஜன்னலுக்கு வெளியே வேனின் மேல்
மறுபடி விழ ஆரம்பித்திருந்தது பனி,
அவசரமில்லாமல், நிறைய.