குளிர்நாட்டு அடுப்பு

பண்டாரவளையில் ஒரு துரை பங்களாவை இடித்தபோது
கரட்டோடும் லீக்ஸோடும் லொறியேறித்
திருநெல்வேலிச் சந்தைக்கு வந்தது இது.
ஜெகசோதி பேரம் பேசவில்லை.
"இரும்பு விலைக்கு எடுங்கோ அண்ணை,
இறக்கினாப் போதும்."

இறக்க ஆறுபேர்.
கோவிலில் வாகனம் காவுகிற பெடியள்.
கொம்பு கட்டித் தோள்கொடுத்து,
படலையைக் கழற்றி உள்ளே கொண்டுவரும்போது
ஒருத்தன் அரோகரா என்றான்.
குசினியின் சீமெந்து நிலம்
அன்றைக்கே ஒரு மூலையில் வெடித்தது.

காஸ் வரிசையில் மூன்று நாள் நின்று
வெறும் சிலிண்டரோடு திரும்பியிருந்தேன்.
அந்தக் கோபத்தில் வாங்கியது.
தயாநிதி சுற்றிவந்து பார்த்தாள்.
"சித்திரை வெய்யிலுக்கு நல்ல கணப்பு" என்றாள்,
ஆசுபத்திரிக்குப் போனாள்.

நாலு வாய், ஒரு போறணை,
பக்கத்தில் பித்தளைக் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி.
கதவில், செய்தவன் பெயரைக் கறள் தின்று
மூன்று எழுத்து மிச்சம்.

முருங்கை எரியாது, அழும்.
பூவரசு சொன்னபடி கேட்கும், ஆனால் நில்லாது.
ஊமல்தான் ஆள்:
சத்தமில்லாமல் உட்கார்ந்து எரியும்.
புளியங்கட்டை ஒன்றை முழுசாய்த் தள்ளிய அன்று
தணல்தட்டு வாழையிலைபோல வளைந்தது.
சுன்னாகத்தில் வெல்டிங் குலவீரசிங்கம்
அதை நிமிர்த்தித் தந்துவிட்டுக்
காசுக்குப் பதிலாய் ஒரு பாண் கேட்டான்.
முதற் பாண் கல். அடுத்தது கரி.
ஏழாவதைத்தான் அனுப்பினேன்.

கதவின் இடுக்கில் புகை கசிந்தால்
புற்றுமண், சாம்பல், ஒரு பிடி உப்பு
குழைத்துப் பூசுவேன்.
கிழமைக்கு ஒருக்கால் வெடிக்கும்.
கிழமைக்கு ஒருக்கால் பூசுவேன்.

இரவு வேலை முடிந்து அவள் வர ஏழரையாகும்.
முழுகச் சுடுதண்ணீர் வேண்டும்.
படுக்கமுன் ஊமலை அடைந்து
காற்றுவழி முழுவதையும் பூட்டிவிடுவேன்.
விடியக் கிளறினால் தணல்.
ஒரே தீக்குச்சியில் நாற்பத்திமூன்று நாள்
எரிந்த கதையைத்
தபாற்கந்தோரில் எல்லோருக்கும் சொன்னேன்.

நாற்பத்திநாலாம் நாள்
புகை மேலே போக மறுத்தது.
கார்த்திகை. மழை விட்டு ஒரு வெய்யில்.
தும்புத்தடியை நீளக் குழாயில் கட்டி
ஏணியேறிப் புகைபோக்கிக்குள் இடித்தேன்.
வந்தது வாடைக்காற்று.
கொடியில் கிடந்தவை நாலு வெள்ளைச் சட்டை.
நாலும் அவளுடையவை.

நீலம் போட்டுப் பார்த்தாள்.
தேசிக்காய் தேய்த்துப் பார்த்தாள்.
இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை, அடுப்போடும்.

மூன்றாம் நாள் விடிய, வந்த உடுப்போடு
அடுப்புக்கு முன் குந்தியிருந்தாள்.
குழாயின் சிறுகதவைத் திறந்து
கரியை விரலால் வழித்து
இரண்டு விரலுக்கிடையில் உரசினாள்.
தார்போல ஒட்டியது.
"இரவிலை காத்தை எவ்வளவுக்குப் பூட்டிறனீங்கள்?"
"முழுக்க."
"அதுதான்.
மூச்சுக்கு இடம் விடாட்டில் உள்ளுக்கைதான் படியும்.
எங்கடை நெஞ்சு வாட்டிலை
பன்ரண்டு பேர் கிடக்கினம்,
வந்து பாருங்கோ."

இப்போது ஒரு விரற்கடை திறந்துவைத்துப் படுக்கிறோம்.
நெருப்பு நேர்மையாய் எரிந்து
நாலு மணிக்கு முன்னம் அணைந்துபோகும்.
நாளுக்கொரு தீக்குச்சி.
கந்தோரில் சொல்ல ஒன்றுமில்லை.
அவள் வரும்போது தண்ணீர் நகச்சூடு.
"காணும்" என்கிறாள்.
சில நாள், "காணாது."

கரி போகாத சட்டை ஒன்று
போறணைத் துணியாகிவிட்டது.
அதைக்கொண்டுதான் சூடான தட்டை இழுக்கிறேன்.
அதன் பொக்கற்றுக்குள்
ஒரு பேனை மூடி இருந்ததை
நேற்றுத்தான், உருகின பிறகு,
மணத்தில் அறிந்தேன்.