இரண்டு மில்லிமீட்டர்

குழாய் ஒரு மீட்டர் நீளம்.
சட்டத்தைத் தொண்ணூறில் அறுத்துவிட்டோம்.
அளந்தது நான், அறுத்தது யூசுப்கனி.
யார் தப்பென்று இன்றுவரை பேசவில்லை.
கோயம்புத்தூரிலிருந்து லாரி பார்சலில் வந்த அலுமினியம்,
இன்னொன்று வாங்கக் காசில்லை.
பீரோவின் உடைந்த பலகை, நாலு ஆங்கிள்,
குழாயைச் சுவரில் ஏற்றினோம்.
மேசை தரையில். ஒளி சுவரில்.
கூத்தாநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை,
அதன் பின்னறை.

எனக்குத் தொழில் ரப்பர் ஸ்டாம்பு.
கூட்டுறவுச் சங்கச் செயலாளர், தலைமையாசிரியர்,
'பெறப்பட்டது', 'ரத்து'.
திருவாரூரில் கொடுத்து வாங்கி விற்பேன்.
ஒருமுறை 'ரத்து' புள்ளி உதிர்ந்து
'ரதது' என்று வந்தது.
அதைத் திருப்பிக் கொடுக்கப் போன பஸ்ஸில்
ஜன்னல் கம்பியில் தலை மோத மோத
முடிவு செய்தேன்.

கதிர் கண்ணுக்குத் தெரியாது.
தெரிந்தால் அதுதான் கடைசியாகத் தெரிந்தது
என்று யூசுப்கனி
கண்ணாடி போடாத யாரையும் உள்ளே விடமாட்டான்.
மூடி திறந்தால் அணைக்க ஒரு சுவிட்ச்.
தண்ணீர் ஓடாவிட்டால் எரியவே விடாத இன்னொன்று.
பச்சை வாளியில் பேட்டரிக் கடைத் தண்ணீர்,
மன்னார்குடி வண்ணமீன் கடையின் பம்பு.
'தண்ணி வந்தாத்தான் எதுவும்' என்றேன்.
'இது என்ன புதுசா' என்றான்
திருகிலிருந்து கண்ணெடுக்காமல்.

மூன்று கண்ணாடிகள்.
ஒன்று மூலையில், ஒன்று பாலத்தோடு போகும்,
ஒன்று தலையோடு.
ஒவ்வொன்றின் முன்னும் மாஸ்கிங் டேப் ஒட்டி
ஒரு நொடி விட்டால்
டேப்பில் பழுப்பாய் ஒரு மச்சம்.
அருகில் வைத்து ஒன்று, தூரத்தில் வைத்து ஒன்று.
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை
கால் சுற்று, அரைக்கால் சுற்று,
பிறகு திருகைத் தொடாமல் தொட வேண்டும்.
பார்த்து முடித்த துண்டுகளை
யூசுப்கனி கைலியில் ஒட்டிக்கொள்வான்.
தேநீர் கொண்டுவந்த ஷம்ஷாத் கேட்டாள்,
'என்ன, அம்மை போட்டிருக்கா?'

பகலில் சுற்றிலும் பம்புசெட்டு ஓடும்.
நூற்றெழுபது வோல்ட்டில்
பலகையில் கோடு விழும், வெட்டு விழாது.
வைகாசியில் ஒரு ராத்திரி, பதினொன்றரைக்கு மேல்,
பத்துக்குப் பத்து, முதல் சதுரம்.
தலை நாலு பக்கமும் போய்வந்தது,
மாட்டுக்கொம்பைச் சுட்டதுபோல் ஒரு வாடை,
பிறகு துண்டு தானாகக் கீழே விழுந்து
'டக்'.
எட்டு மாதத்துக்கு அவ்வளவுதான் சத்தம்.
மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தோம்.
ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது.
பங்காளிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த வயல்போல
ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது.
அதை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தோம்.
பெல்ட்டை இறுக்கினோம். அடுத்தது சதுரமாக வந்தது.

ஆனியில் முப்பது ஸ்டாம்புக்கு ஆர்டர்.
மூன்றாவது நாள் எழுத்தெல்லாம் வெளிறின.
டேப் ஒட்டிப் பார்த்தால்
மச்சம் தள்ளி விழுந்திருந்தது,
இரண்டு மில்லிமீட்டர்.
சரிசெய்தோம். காலையில் மறுபடி.
ஸ்பிரிங்கைச் சந்தேகித்தோம், மோட்டாரை,
எலியை,
கூட்டிப் பெருக்க வந்த ஷம்ஷாத்தை.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.
பின்னறைக் கதவைச் சாத்தப் பார்த்தாள்.
சாத்தவில்லை.
'வாய்க்கால்ல தண்ணி வந்து ஆறு நாளாச்சு.
வருஷா வருஷம் இந்தக் கதவு இப்படித்தான் பிடிக்கும்.
சித்திரையில விரல் நுழைஞ்ச விரிசல்
இப்ப எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.'
சுவரைப் பார்த்தோம்.
தரையைப் பார்த்தோம்.
அடியில் களிமண் குடித்துக்கொண்டிருந்தது,
சுவருக்கு ஒரு கணக்கு, மேசைக்கு ஒரு கணக்கு.

இனியாவது குழாயை மேசையிலேயே கட்டலாம்.
பத்து சென்டிமீட்டர் சட்டம்தான்.
ஸ்டாம்புக் காசில் வாங்கியும் வைத்தோம்,
அதே பார்சல் கட்டோடு
அலமாரிமேல் கிடக்கிறது.

மாசியில் மச்சம் மறுபக்கம் நகர்ந்தது.
'நிறுத்திட்டாங்க போல' என்றான் யூசுப்கனி.
வாய்க்காலை யாரும் போய்ப் பார்க்கவில்லை.
நான் திருகைப் பிடித்தேன்,
கால் சுற்று.